வாசிக்கத் தடுமாறும் குழந்தை: டியூஷனா, ஃபோனிக்ஸா, வீட்டிலேயேவா?

முதல் பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும் நாட்களில் சென்னைப் பள்ளி வாசல்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கணக்கெல்லாம் போடுறான், வாசிக்கத்தான் வரல." சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். அடுத்த கேள்வியும் அங்கேயே பிறந்துவிடும். பக்கத்துத் தெரு டியூஷனில் சேர்ப்பதா, ஆங்கில எழுத்துகளை ஒலியை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டுவதா, போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுப்பதா, இல்லை நாமே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதா?

நான்கையும் எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான். உங்கள் பிள்ளை வாய்விட்டு வாசிப்பதை ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார்? கட்டணம், ஏசி அறை, ஒர்க் புக்கின் பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பணம் கட்டுவதற்கு முன்பு, பிள்ளைக்கு எது வரவில்லை என்று பாருங்கள். "வாசிக்க வரல" என்பது மூன்று வெவ்வேறு பிரச்சினைகளுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதால் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். ஒரு பக்கம் பூஜ்யமாக இருக்க, இன்னொரு பக்கத்துக்கே பணத்தைக் கொட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

சோதிக்கப் பள்ளிப் பாடத்தை எடுக்காதீர்கள். கேட்டுக் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்துவிடும் கெட்டிக்காரர்கள் நம் பிள்ளைகள். விரல் முதல் வரியில் இருக்கும், வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும். இதுவரை பார்த்திராத சின்னக் கதை ஒன்றைக் கொடுத்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சில பிள்ளைகள் எழுத்திலேயே நிற்பார்கள். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், அப்புறம் உயிரையும் மெய்யையும் சேர்க்கும் குறிகள். எண்ணிக்கையைவிடக் குறி உட்காரும் இடம்தான் சிக்கல். 'கா' என்பதில் குறி எழுத்துக்குப் பின்னால் வருகிறது, ஒலியும் அதே வரிசையில் வருகிறது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் வந்து நிற்க, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகவே கண்ணை நகர்த்தும் பிள்ளை 'கொடி'யைப் பார்த்ததும் கொம்பையும் 'க'வையும் சேர்த்துக் 'கெ' என்று தொடங்கும். பிறகு துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெ-ர-டி' என்று முடிக்கும். கேட்பவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் பிள்ளை கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது. உகரமோ எழுத்துக்கு எழுத்து உருமாறும்: கு, சு, து, மு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரியும்.

கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சோனாலி நாக், இப்படிப்பட்ட எழுத்துமுறை முழுதாகக் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று 2007-இல் எழுதினார். ஒரு மெய்யின் கீழ் இன்னொன்றை அடுக்கி எழுதும் கன்னடத்தின் அடுக்கெழுத்துகள் தமிழில் இல்லாததால் நமக்குச் சுமை கொஞ்சம் குறைவு. ஆனாலும் இரண்டாம் வகுப்பில் கொம்பில் தடுக்கி விழும் பிள்ளைக்காகப் பதறத் தேவையில்லை. தினமும் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வகைப் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் நத்தை வேகம். ஒரு வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று சில வகுப்புகள் காட்டும் அட்டவணை ஆங்கிலத்துக்குப் போட்டது. தமிழில் 'படித்துக்கொண்டிருந்தாள்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல்லாகிவிடும். அந்த எண்ணைத் தமிழ் வாசிப்புக்குப் போட்டுப் பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள்.

கடகடவென்று வாசித்துவிட்டு, "என்ன கதைடா?" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளும் உண்டு. தேர்வு மதிப்பெண்ணில் இவர்கள் சீக்கிரம் மாட்டமாட்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான் தெரியவரும்.

டியூஷன்

சென்னையில் டியூஷன் என்றால் பெரும்பாலும் ஒரு அக்கா, ஒரு ஹால், தரையில் பாய், எல்கேஜி முதல் எட்டாவது வரை கலந்துகட்டிய பிள்ளைகள். மின்சார ரயிலில் எட்டு மணிக்கு வீடு வந்து சேரும் அம்மா அப்பாவுக்கு அது பெரிய நிம்மதி. பிள்ளை பாதுகாப்பாக இருக்கும், வீட்டுப்பாடமும் முடிந்திருக்கும். அந்தப் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசிப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம், பதினைந்து பிள்ளைகள் என்றால் தலைக்கு ஆறு நிமிடம். அதுவும் அக்கா வேறெதுவும் செய்யாமல் இருந்தால். டைரியில் இருக்கும் வீட்டுப்பாடம், நாளைய டெஸ்ட், கேள்வி பதில் மனப்பாடம் எல்லாம் போக, தனியாக வாசித்துக் காட்ட உங்கள் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சாது.

அக்காவைக் குறை சொல்வதற்கில்லை. நாம் கேட்பதே "ஹோம்வொர்க் முடிச்சானா?" என்பதைத்தானே? கேள்வியை மாற்றினால் அதே டியூஷன் வேறு மாதிரி ஆகும். "ஹோம்வொர்க் பாதியில் நின்றாலும் பரவாயில்லை அக்கா, தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு நேரம் இல்லையென்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைக்கும் அது நல்லதுதான்.

மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் டியூஷனுக்கு முன்பு வகுப்பாசிரியரிடம் ஒன்று கேட்க வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டே ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. "என் பொண்ணு தமிழில் அரும்பா, மொட்டா, டீச்சர்?" என்று கேட்டால் ரேங்க் அட்டை சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும். கொரோனா காலத்துக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்பு உங்கள் பகுதியில் இப்போது நடக்கிறதா என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோனிக்ஸ் வகுப்பு

அண்ணா நகர், வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறது. டியூஷனைவிடப் பல மடங்கு கட்டணம். கொடுக்கலாமா?

முறை நல்ல முறைதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். எழுத்தின் பெயரைத் தெரிந்துகொண்டால் மட்டும் சொல்லை வாசித்துவிட முடியாது. அதனால் ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள். பரவலாக உள்ள ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் 42 ஒலிகள். முதலில் எஸ் (s), ஏ (a), டி (t), ஐ (i), பி (p), என் (n) என்ற ஆறு எழுத்துகள். அந்த ஆறை வைத்தே 'பின்', 'டின்', 'டிப்' என்று சொற்களைக் கட்ட முடிவதால் பிள்ளைக்குச் சீக்கிரமே தைரியம் வந்துவிடும். ஒலிகளை முறையாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தருகிறது, அதிலும் கிண்டர்கார்டன், முதல் வகுப்பில் தொடங்கினால் அதிகப் பலன் என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் அறிக்கை கொடுத்தது.

டெமோ வகுப்புக்குப் போனால் ஒன்றை மட்டும் காதில் வாங்குங்கள். டீச்சர் பி எழுத்தின் ஒலியை 'ப்' என்கிறாரா, 'ப' என்கிறாரா? 'ப', 'இ', 'ன' என்று ஒலிகளை நீட்டிச் சொன்னால் பிள்ளை எத்தனை முறை சேர்த்தாலும் 'பின்' வராது, 'பஇன'தான் வரும். புள்ளி வைத்த மெய்யெழுத்தைப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது கைவந்த கலை. க் + அ = க என்று பள்ளியில் செய்வதும் இதே வேலைதான். புள்ளி எழுத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி ஃபோனிக்ஸை ஏற்கெனவே கற்றுவிட்டது. இதைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை.

ஃபோனிக்ஸ் தராத ஒன்று உண்டு: சொல்லின் பொருள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை 'கொடி' என்று தட்டுத் தடுமாறிக் கூட்டினாலும், கூட்டி முடித்த நொடியில் "ஓ, கொடி!" என்று முகம் மலரும், அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சரியாகக் கூட்டிய சொல்லுக்குப் பின்னால் பல நேரம் ஒன்றும் இருப்பதில்லை. 'மேட்', 'ரக்', 'லாக்' என்று பிசிறில்லாமல் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் பிள்ளையிடம் 'ரக்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த மொழியில் முதலில் என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. வீட்டு மொழி தமிழ் என்றால் தமிழில் முதலில் ஓடவிடுங்கள், ஆங்கில மீடியமாக இருந்தாலும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். சிபிஎஸ்இ பள்ளியில் போட்டு, "தமிழ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் ஆறாம் வகுப்பில் அலைவதைப் பார்க்கலாம். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. பிள்ளையின் நாக்கில் எந்த மொழி அதிகம் புழங்குகிறதோ அதில் தொடங்குங்கள்.

ஆக, யூகேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை, ஆங்கிலம் மட்டும்தான் சிக்கல், குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை என்றால் ஃபோனிக்ஸுக்குப் பணம் கொடுக்கலாம். நான்காம் வகுப்பில், வாசித்தது புரியவில்லை என்பதற்காகச் சேர்ப்பது வீண்.

செயலி

கூகுளின் ரீட் அலாங் தமிழிலும் இருக்கிறது. 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. பிள்ளை வாசிப்பதைப் போனே கேட்டு, தடுக்கினால் எடுத்துக்கொடுக்கும். பெரியவர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது நல்ல ஒத்திகை. ஆனால் "அந்த நரி ஏன் பொய் சொல்லுச்சு?" என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச அதனால் முடியாது. அதே போனில் யூடியூபும் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடத் துணைக்குச் சரி.

வீடும் நூலகமும்

என் ஓட்டு இதற்குத்தான். பணமும் குறைவு, பலனும் அதிகம். ஆனால் தினமும் செய்ய வேண்டும், கஷ்டம் அதுதான்.

இருபது நிமிடம் போதும். முதலில் ஐந்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு. "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'அவர்கள் வந்துவிட்டார்கள்' பக்கத்து வீட்டு மொழி மாதிரி. 'இல்லாவிட்டால்', 'ஆகையால்', 'எனினும்' எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசுவதில்லை. கதை கேட்டுத்தான் பழக வேண்டும். கேட்டுப் பழகிய பிள்ளை வாசிக்கும்போது வாக்கியத்தின் முடிவைப் பாதியிலேயே ஊகித்துவிடும், வேகமும் வரும். கடகடவென்று வாசித்துவிட்டு விழிக்கும் பிள்ளைக்கு நான்கு வழிகளில் இந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் மருந்து.

பிறகு பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் வாசித்த அதே பக்கத்தை. இரண்டு மூன்று தடவை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வேகம் கூடுகிறது, அந்த வேகம் புதிய பகுதிக்கும் ஓரளவு வருகிறது என்று ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் காட்டினார். இன்றும் பயன்படும் முறை. "படிச்சதையே ஏன் படிக்கிற?" என்று அதட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். பிள்ளை தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாதி நேரம் தானே திருத்திக்கொள்ளும். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். அங்கே நிறுத்தி இலக்கணப் பாடம் எடுத்தால் கதை செத்துவிடும். மீதி நேரம் பேச்சுக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால்? வாசித்துக் காட்ட முடியாதே தவிர, கேட்க முடியும். பாட்டி வெற்றிலை மென்றுகொண்டே "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால் பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பும். தப்பைத் திருத்த ஆள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

புத்தகத்துக்குச் சென்னையில் பஞ்சமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறந்தது. அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு, ஒரு ஞாயிறு போய்வந்தால் பிள்ளையே அடுத்த ஞாயிறு கேட்கும். ஆனால் அன்றாடத் தேவைக்கு உங்கள் பகுதிக் கிளை நூலகம்தான் உதவும்; சிறிய தொகை கட்டி உறுப்பினரானால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம். வீட்டிலேயே வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், கடினத்தை வைத்து நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் போட்டால் பிள்ளைக்குச் சொந்தப் புத்தகம். அம்மாவுக்குத் தமிழ், பிள்ளைக்கு ஆங்கிலம் என்றிருக்கும் வீடுகளுக்கு, சென்னையின் தூலிகா பதிப்பகம் போடும் இருமொழிப் படப் புத்தகங்கள் பொருத்தம். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது மொத்தமாக வாங்குவதானால், பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அது அடுத்த வருஷத்துப் புத்தகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் உண்டு: நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எந்த வகுப்பில் எது?

ஒன்று, இரண்டாம் வகுப்பில் எழுத்தில் தடுக்கினால்: வீட்டில் தினமும் இருபது நிமிடம், தேவையானால் ஆங்கிலத்துக்கு மட்டும் ஃபோனிக்ஸ்.

மூன்றாம் வகுப்பைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். மாநிலப் பாடத்திட்டத்தில் அதுவரை ஒரே சூழ்நிலையியலாக இருந்தது அங்கே அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டு பாடமாகப் பிரிகிறது. கணக்கிலும் வாக்கியமாகக் கேட்கும் கேள்விகள் கூடும். "அவனுக்குக் கணக்கு வரல" என்று கணக்கு டியூஷன் தேடும் வீடுகளில், அந்தக் கேள்வியைப் பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டினால் பிள்ளை டக்கென்று விடை சொல்வதைப் பார்க்கலாம். அப்படியென்றால் கணக்கில் கோளாறு இல்லை, வாசிப்பு வேகத்தில்தான். திரும்பத் திரும்ப வாசிப்பதும், தனியாக உட்கார்ந்து கேட்கும் ஆளும்தான் இதற்குத் தேவை. நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் என்றால் அந்த ஆள் டியூஷன் அக்காவாக இருக்கலாம், நான் மேலே சொன்ன நிபந்தனையோடு.

நான்கு, ஐந்தில் சரளமாக வாசித்தும் புரியவில்லை என்றால் டியூஷன், ஃபோனிக்ஸ் என்று எதிலும் சேர்க்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள். கிரிக்கெட்டோ டைனோசரோ, பிள்ளைக்குப் பிடித்த விஷயமாக இருக்கட்டும்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டியும், சில மாதங்கள் ஒழுங்காகப் பழக்கியும் எழுத்தே நிற்கவில்லை, வாசித்த சொல்லையே அடுத்த வரியில் அடையாளம் தெரியவில்லை என்றால் இந்த நான்கு வழியையும் ஓரம் வையுங்கள். முதலில் கண், காது பரிசோதனை. அதில் ஒன்றுமில்லை என்றால் கற்றல் குறைபாட்டு மதிப்பீடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளில் விசாரிக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கிறது, அதனால் சான்று வாங்கினால் தேர்வுச் சலுகை கேட்க வழி உண்டு. மதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய நோட்டுகளையும், வீட்டில் பிள்ளை வாசித்ததைப் போனில் பதிவுசெய்து வைத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். புது இடத்தில், புது ஆள் முன்னால் பிள்ளை வாய் திறக்காமலே உட்கார்ந்துவிடக்கூடும்.